'பார்ட்ஸ் கிடைக்காது தம்பி...' பழைய பைக்கின் வீல் பேரிங் விஷயத்தில் இந்த வசனம் எடுபடாது! ஏன் தெரியுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில் பக்கத்திலிருந்து வண்டியைக் கிளப்பி, ராஜபாளையம் போய்ச் சேர சுமார் 12 கிலோ மீட்டர். நீங்கள் ஓட்டுவது 18 இன்ச் சக்கரம் கொண்ட யமஹா ஆர்எக்ஸ் 100 என்று வைத்துக்கொள்வோம். ராஜபாளையம் போய் ஸ்டாண்ட் போடுவதற்குள் அதன் முன் சக்கரம் தோராயமாக 6,500 முறை சுற்றியிருக்கும். தினமும் போய் வந்தால், வருஷத்தில் 300 நாள் கணக்குக்கு 39 லட்சம் சுற்று!

அத்தனை சுற்றிலும் உங்கள் எடை, வண்டியின் எடை, பின்னால் உட்காருபவரின் எடை, ரோட்டில் இருக்கும் பள்ளம் மேடு எல்லாவற்றையும் தாங்குவது சக்கரத்தின் நடுவே இருக்கும் இரண்டு பேரிங்குகள்தான். இரண்டையும் ஒரே கையில் மூடிக்கொள்ளலாம், அவ்வளவு சின்னது.

இந்தப் பக்கத்து வீடுகளில் தாத்தாவின் புல்லட், அப்பாவின் எஸ்டி, சித்தப்பாவின் ஆர்எக்ஸ் 100 என்று ஏதாவது ஒன்று தார்பாய்க்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும். சென்னை, பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பொங்கல் லீவுக்கு வந்து அதை எழுப்பப் பார்ப்பார்கள். கார்புரேட்டர், பிளக், பேட்டரி, பெட்ரோல் டேங்க் எல்லாம் சுத்தமாகிவிடும். 'டுபுடுபு' சத்தம் கேட்டதும் ரீல்ஸ் போட்டுவிட்டு ரோட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். சக்கரத்தைக் கழட்டிப் பார்க்கணும்னு யாருக்கும் தோணாது.

இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் வீட்டோடு இருந்துவிடலாம். 60 கிலோ மீட்டர் வேகத்தில் பேரிங் உடைந்தால், சக்கரம் ஆடும் அல்லது இறுகி நின்றுவிடும். இரண்டில் எது நடந்தாலும் கீழே விழுவது நாம்தான். இதைத் தடுக்க ஆகும் செலவு, ஒரு சக்கரத்துக்குச் சில நூறு ரூபாய்.

முதலில், 'வின்டேஜ்' என்றால் எது?

பேச்சு வழக்கில் 20 வருஷம் ஆன எந்த பைக்கையும் 'வின்டேஜ்' என்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2021-ல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய, வணிகப் பயன்பாட்டில் இல்லாத, சேஸிஸ், இன்ஜின் போன்றவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வாகனம்தான் வின்டேஜ். புதிதாக அந்தப் பதிவைப் பெறக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற தேவைகளுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்ட முடியாது.

ஆர்எக்ஸ் 100 இந்தியாவுக்கு வந்தது 1985-ல். ஆக, முதல் வண்டிகளே 2035-க்குப் பிறகுதான் சட்டப்படி வின்டேஜ் ஆகும். மைசூருவின் ஐடியல் ஜாவா, எஸ்டி என்ற பெயரில் விற்கத் தொடங்கியது 1973-ல். 1955-ல் தொடங்கி மெட்ராஸில் தயாரான என்ஃபீல்ட் புல்லட்டில்தான் அசல் வின்டேஜ்கள் நிறைய இருக்கும்.

உங்கள் வண்டி சாதாரணப் பதிவில் இருந்தால், 15 வருஷத்துக்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி-யைப் புதுப்பித்தபடி ஓட்டலாம். அப்போது வண்டி ஓடும் தகுதியில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆடும் சக்கரத்தோடு போய் நிற்காதீர்கள்.

பேரிங் உள்ளே என்னதான் நடக்கிறது?

சின்ன வயசில் கோலி விளையாடும்போது 'பால்ரஸ் குண்டு' வைத்திருந்தீர்களா? சைக்கிள் கடையில் கெஞ்சி வாங்கிய அதே இரும்புக் குண்டுதான் இங்கேயும் ஹீரோ.

மாட்டு வண்டிச் சக்கரம் அச்சின் மேல் நேரடியாக உரசிக்கொண்டே சுற்றும். அதனால்தான் அடிக்கடி வண்டி மை போட வேண்டியிருக்கும். பேரிங்கில் உரசலுக்குப் பதில் உருளல். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவே குண்டுகள், குண்டுகள் ஒன்றோடொன்று இடிக்காமல் பிரித்து வைக்க ஒரு கூடு. உள் வளையம் ஆக்சிலோடு சேர்ந்து அசையாமல் நிற்கும். வெளி வளையம் ஹப்போடு சேர்ந்து சுற்றும்.

ஒரு சக்கரத்தில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என இரண்டு பேரிங். பல வண்டிகளில் பின் சக்கரத்தின் ஸ்ப்ராக்கெட் பக்கம் மூன்றாவதாக ஒன்றும் இருக்கும். இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு சின்னக் குழாய் உண்டு. பெயர் ஸ்பேசர். இந்தக் குழாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் முக்கியமான கேரக்டர் இதுதான்.

ஓடாத வண்டிக்கும் பேரிங் போகுமா?

போகும். சொல்லப்போனால், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைவிட நிறுத்தி வைத்த வண்டிக்குத்தான் ஆபத்து அதிகம்.

வண்டி ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் நிற்கும்போது, எடை முழுக்க அடியில் இருக்கும் இரண்டு, மூன்று குண்டுகள் மேலேயே விழுந்துகொண்டிருக்கும். கிரீஸில் உள்ள எண்ணெய் மெதுவாகப் பிரிந்துபோய், மிச்சம் காய்ந்த சோப்பு மாதிரி இறுகிவிடும். மழைக்கால ஈரம் சீலைத் தாண்டி உள்ளே வரும். குண்டும் வளையமும் தொட்டுக்கொண்டிருக்கும் புள்ளியில் துரு அரிக்கும். பிறகு ஒருநாள் வண்டியை எடுத்து ஓட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் குண்டுகள் அந்தக் குழியில் ஏறி இறங்கும். குழி பெரிதாகும், இரும்புத் துகள் உதிரும், அந்தத் துகளே மற்ற இடங்களையும் அரைக்கும்.

"வண்டி 20 ஆயிரம் கிலோ மீட்டர்தான் ஓடியிருக்கு, பேரிங் எல்லாம் புதுசு மாதிரி இருக்கும்" என்று யாராவது சொன்னால், எத்தனை வருஷம் நின்றது என்று திருப்பிக் கேளுங்கள். பல வருஷம் நின்ற வண்டியை எழுப்புகிறீர்கள் என்றால், பேரிங்கை யோசிக்காமல் மாற்றிவிடுவதே நல்லது.

போயிடுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டிலேயே பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பார்க்கும் சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்படி செய்துகொள்ளுங்கள்.

* ஆட்டிப் பாருங்கள்: சக்கரத்தின் உச்சியை ஒரு கையிலும் அடிப்பகுதியை இன்னொரு கையிலும் பிடித்து, உள்ளே வெளியே அசையுங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் மேல் சந்தேகம் வரவேண்டும்.
* சுற்றிப் பாருங்கள்: கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஆக்சிலுக்குப் பக்கத்தில் ஃபோர்க் மேல் விரலை வையுங்கள். நல்ல பேரிங் என்றால் எதுவும் தெரியாது. கெட்டது என்றால் மணல் அரைபடுவது போன்ற அதிர்வு விரலில் தெரியும்.
* கேட்டுப் பாருங்கள்: ஓட்டும்போது வேகம் ஏற ஏற ஏறும் 'ஊஊ' சத்தம், கிளட்ச் பிடித்து வண்டியை உருளவிட்டாலும் நிற்கவில்லை என்றால், அது இன்ஜின் சத்தம் கிடையாது.
* கழட்டிப் பாருங்கள்: சக்கரத்தைக் கழட்டியிருந்தால், உள் வளையத்தில் விரலை விட்டுச் சுற்றுங்கள். வழவழவென்று சுற்ற வேண்டும். எங்காவது தட்டினாலோ, பிடித்தாலோ முடிந்தது கதை.

ஒரு எச்சரிக்கை. எல்லா ஆட்டமும் வீல் பேரிங் ஆட்டம் இல்லை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னே பின்னே தள்ளும்போது ஹேண்டில்பாருக்குக் கீழே 'டொக்' என்றால், அது கோன் செட். பின் சக்கரத்தோடு சேர்ந்து ஸ்விங் ஆர்மும் ஆடினால், அது புஷ். ரிம் நெளிந்திருந்தாலும், ஸ்போக் தளர்ந்திருந்தாலும் சக்கரம் கோணலாகத்தான் ஓடும். இதைப் பார்க்காமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் காசு போகும், ஆட்டம் போகாது.

'பார்ட்ஸ் கிடைக்காது' என்பது ஏன் இங்கே செல்லாது?

பழைய பைக் வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்ட வசனம் இது. டேங்க் பேட்ஜ், ஸ்பீடோமீட்டர், சைலன்சர் விஷயத்தில் உண்மையாகவும் இருக்கலாம். ஐடியல் ஜாவா 1996-ல் மூடப்பட்டது. ஆர்எக்ஸ் 100 உற்பத்தியும் அதே 1996-ல் நின்றது. கம்பெனி நின்றால் பாகமும் நின்றுவிடும் என்று நினைப்பது இயல்புதான்.

ஆனால், பைக் கம்பெனிகள் பொதுவாக வீல் பேரிங்கைத் தாங்களே செய்வதில்லை. பேரிங் கம்பெனிகளிடம் வாங்கித்தான் மாட்டுகின்றன. அந்த பேரிங்குகளின் அளவு ஐஎஸ்ஓ 15 என்ற சர்வதேச தரத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஸ்வீடனில் 1907-ல் தொடங்கிய எஸ்கேஎஃப் செய்தாலும், ஜெய்ப்பூரில் 1946-ல் தொடங்கிய என்பிசி செய்தாலும், 6203 என்று போட்டிருந்தால் அளவு ஒன்றுதான். பைக் கம்பெனி இருக்கிறதா, மூடியதா என்பது பேரிங்குக்குத் தேவையே இல்லாத தகவல்.

அந்த நம்பரைப் படிப்பது எப்படி?

முதல் எண் 6 என்றால், ஒரு வரிசைக் குண்டு பேரிங். இரண்டாவது எண் பருமனைச் சொல்லும். 2-ஐவிட 3 தடிமனானது. கடைசி இரண்டு எண்கள் உள் துளையின் விட்டம். 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04-லிருந்து ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். 04 என்றால் 20, 05 என்றால் 25.

* 6202: உள் விட்டம் 15, வெளி விட்டம் 35, அகலம் 11 மி.மீ.
* 6203: உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மி.மீ.
* 6301: உள் விட்டம் 12, வெளி விட்டம் 37, அகலம் 12 மி.மீ.
* 6302: உள் விட்டம் 15, வெளி விட்டம் 42, அகலம் 13 மி.மீ.

உங்கள் தலைக்கு மேலே சுற்றும் சீலிங் ஃபேனைக் கழட்டினால், உள்ளே 6202 இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மோட்டார், பம்ப் செட், மில் மெஷின் என எல்லாவற்றிலும் இந்தக் குடும்பம்தான். அதனால் பைக் ஸ்பேர்ஸ் கடையில் "இல்லை" என்றால் மனசு விடாதீர்கள். நூற்பாலைகள் நிறைந்த ராஜபாளையம் மாதிரி ஊர்களில், தொழிற்சாலைகளுக்கு பேரிங் விற்கும் கடைகளில் பைக் பெயரைச் சொல்லாமல் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.

நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம். 'இசட்இசட்' என்றால் இரண்டு பக்கமும் இரும்புத் தகடு. தூசியை ஓரளவு தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. '2ஆர்எஸ்' என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். மழையிலும் சேற்றிலும் ஓடும் சக்கரத்துக்கு இதுதான் நல்லது. 'சி3' என்றால் உள்ளே இடைவெளி வழக்கத்தைவிடச் சற்று அதிகம். வண்டியின் மேனுவல் கேட்டால் மட்டும் அதை வாங்குங்கள்.

சரி, என் வண்டிக்கு எந்த நம்பர்? ஒரே மாடலிலேயே வருஷத்துக்கு வருஷம் ஹப் மாறியிருக்கும். கழட்டிய பேரிங்கின் விளிம்பில் நம்பர் இருக்கும், அதைப் பாருங்கள். முன்பு வேலை பார்த்தவர் கையில் கிடைத்ததை மாட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால், ஹப், ஆக்சில் இரண்டையும் வெர்னியர் வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் இன்ச் அளவு பேரிங்கும், சிலவற்றில் இறுக்கம் பார்த்து அட்ஜஸ்ட் செய்ய வேண்டிய டேப்பர் ரோலர் பேரிங்கும் இருக்கும். அங்கே 'கிட்டத்தட்ட இதே சைஸ்' என்று மெட்ரிக் பேரிங்கை அடித்து ஏற்றினால் ஹப் காலி.

மாற்றும்போதுதான் பாதி பேரிங் செத்துப்போகிறது!

புது பேரிங் மாட்டி இரண்டே மாதத்தில் மறுபடி சத்தம் வந்தால், பெரும்பாலும் பேரிங்கைத் திட்டுவோம். மாட்டிய விதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1. கழட்டும்போது: முதலில் ஆயில் சீல், சர்க்ளிப் அல்லது மரையுள்ள ரிங் இருக்கிறதா என்று பாருங்கள். சில பழைய வண்டிகளில் அந்த ரிங் இடது மரையாக இருக்கும். திறக்கவில்லை என்று வெறியோடு திருகினால் இன்னும் இறுகும். பிறகு ஸ்பேசரை ஒரு பக்கம் தள்ளி, நீளமான பஞ்சை எதிர்ப்பக்கத்திலிருந்து விட்டு, உள் வளையத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டி வெளியே எடுப்பார்கள். இப்படி வெளியே வந்த பேரிங் அடி வாங்கியது. நன்றாகச் சுற்றினாலும் திரும்ப மாட்டக்கூடாது.

2. சூடும் குளிரும்: அலுமினியம், இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 40 மி.மீ. துளையுள்ள அலுமினிய ஹப்பை 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், துளை சுமார் 0.07 மி.மீ. பெரிதாகும். ஒரு தலைமுடியின் கனம்தான். ஆனால், அந்த முடியளவு போதும், பாதி அடி மிச்சம். ஹாட் ஏர் கன் வைத்து ஹப்பைச் சுற்றிலும் சமமாகச் சூடாக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் 'சுர்' என்று ஆவியானால் போதும். புது பேரிங்கை முந்தின ராத்திரியே பிளாஸ்டிக் கவரில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். கேஸ் வெல்டிங் தீயைக் காட்டுவது வேண்டாம். ஒரே இடத்தில் சூடு ஏறினால் பெயின்ட் போகும், ஹப் கோணலாகும்.

3. எங்கே அடிப்பது? புது பேரிங்கை ஹப்பில் இறக்கும்போது அடி, வெளி வளையத்தில் மட்டும்தான் விழ வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய், வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகளைப் போட்டுவிடும். மாட்டும் அன்றைக்கே பேரிங்கின் ஆயுள் எண்ணப்படத் தொடங்கிவிடும். வெளி வளையத்தின் அளவுக்குச் சரியான பாக்ஸ் ஸ்பேனர் சாக்கெட் அல்லது பழைய பேரிங்கையே மேலே வைத்துத் தட்டலாம். 'டப் டப்' சத்தம் கனத்த 'டங்' ஆக மாறினால் பேரிங் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

4. அந்தக் குழாய்: முதல் பேரிங் முழுசாக உட்கார்ந்ததும் சக்கரத்தைத் திருப்பி, ஸ்பேசரை வைத்து, இரண்டாவது பேரிங்கை ஸ்பேசரைத் தொடும் வரை மட்டும் இறக்க வேண்டும். ஆக்சில் நட்டை இறுக்கும்போது அந்த அழுத்தம் ஒரு உள் வளையத்திலிருந்து ஸ்பேசர் வழியாக இன்னொரு உள் வளையத்துக்குப் போகும். ஸ்பேசர் இல்லையென்றாலோ, தேய்ந்து குட்டையாகிவிட்டாலோ, நட்டின் முழு அழுத்தமும் குண்டுகளைப் பக்கவாட்டில் நசுக்கும். "இந்த பைப் இல்லாமலே ஓடும்" என்று சொன்னால், ஓடும்தான், கொஞ்ச தூரம்! முந்தைய ரிப்பேரில் ஸ்பேசர் தொலைந்திருந்தால், மேனுவலில் உள்ள சரியான நீளத்துக்கு லேத் பட்டறையில் ஒன்று கடைந்து வாங்குங்கள். முதலில் எந்தப் பக்க பேரிங்கை இறக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதற்கும் மேனுவல்தான் கதி.

5. ஹப் தளர்ந்திருந்தால்: பேரிங் அடிக்காமலே கையோடு உள்ளே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். துளை தேய்ந்திருக்கிறது. ஓரத்தில் பஞ்ச் வைத்துப் புள்ளி குத்துவதும், டின் தகடு சுற்றி ஏற்றுவதும் தற்காலிக வைத்தியம். லேசான தளர்வுக்கு பேரிங் ஒட்டும் திரவம் உண்டு. அதிகமாகத் தேய்ந்திருந்தால் துளையைக் கடைந்து ஸ்லீவ் போடுவதுதான் சரி. அசல் ஹப் கிடைக்காத வண்டி என்றால் இந்த வேலையைத் தள்ளிப்போடவே கூடாது. பேரிங் நாளைக்கும் கிடைக்கும், ஹப் கிடைக்காது.

கிரீஸ் போடணுமா? வாட்டர் வாஷ் பண்ணலாமா?

இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள பேரிங்கில் கிரீஸ் உள்ளேயே இருக்கும். பிரித்துப் போட வேண்டாம். சீல் இல்லாத பழைய வகை என்றால், பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, தரமான லித்தியம் கிரீஸை உள் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நிரப்பினால் போதும். அடைத்துத் திணித்தால் சூடுதான் ஏறும். மிச்ச கிரீஸ் பிரேக் டிரம்முக்குள் போனால் பிரேக் பிடிக்காது. கழுவிய பேரிங்கை ஏர் கம்ப்ரசரில் 'விர்ர்' என்று சுற்றவிட்டு வேடிக்கை பார்ப்பவர்கள் உண்டு. காய்ந்த பேரிங்குக்கு அது கேடு, கைக்கும் ஆபத்து.

வாட்டர் சர்வீஸில் ஹப் பக்கம் பிரஷர் கன்னை நேராகக் காட்ட விடாதீர்கள். சாதாரண மழையைத் தாங்கும் சீல், அந்த அழுத்தத்தைத் தாங்காது. பேரிங் மாற்றும்போது ஹப்பின் ஆயில் சீலையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

போலி பேரிங் உஷார்!

பிரபலமான பிராண்டுகளின் பெயரில் போலிகளும் சந்தையில் சுற்றுகின்றன. அச்சு மங்கலாக இருப்பது, பெட்டியில் உள்ள நம்பரும் பேரிங்கில் உள்ள நம்பரும் வேறாக இருப்பது, விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருப்பது எல்லாம் சந்தேகத்துக்குரியவை. சில கம்பெனிகள் ஒரிஜினலா என்று சரிபார்க்க மொபைல் ஆப் வைத்திருக்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் பில்லோடு வாங்குவது அதைவிட எளிது.

வண்டியை மெக்கானிக்கிடம் விடும் முன்...

எல்லோரும் சுத்தியலைக் கையில் எடுக்க வேண்டியதில்லை. அனுபவமுள்ள மெக்கானிக் அண்ணனிடம் கொடுப்பதே நல்லது. ஆனால் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

* அண்ணே, பழைய பேரிங்கில் என்ன நம்பர் இருக்கு? ஆக்சில், ஹப் அளவோட ஒத்துப்போகுதா?
* புதுசு ரப்பர் சீல் உள்ளதா?
* நடுவில் ஸ்பேசர் இருக்கா? நீளம் சரியா இருக்கா?
* ஹப்பைச் சூடாக்கி இறக்குவீங்களா, அப்படியே அடிப்பீங்களா?
* கழட்டின பழசை என்கிட்ட கொடுத்துடுவீங்களா?

கடைசிக் கேள்வி முக்கியம். கையில் வாங்கிய பழைய பேரிங்கை விரலில் மாட்டி ஒருமுறை சுற்றிப் பாருங்கள். 'கரகர' என்று சுற்றும் அந்த வளையத்தின் மேல்தான் இத்தனை நாள் வீட்டில் இருப்பவர்களைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டியிருக்கிறோம் என்பது புரியும். அடுத்தமுறை 'ஊஊ' சத்தம் கேட்டால், பாட்டுச் சத்தத்தைக் கூட்டாமல் வண்டியை ஓரங்கட்டுவீர்கள்.